ரம்ஜான் பீவியின் மேல்முறையீடு

தாய்மரணத் தணிக்கைக் குழுவின் அறிக்கை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த நாற்பத்தோராம் நாள், பதிவுத் தபாலில் ரம்ஜான் பீவியின் கைக்கு வந்தது. முப்பத்தொரு பக்கங்கள். அவர் முதலில் அதைப் படிக்கவில்லை, எண்ணினார். எண்கள் விடுபடாமல் வருகின்றனவா, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சான்றொப்பம் இருக்கிறதா என்று பார்த்தார். உறையின் மேலிருந்த தபால் முத்திரையின் தேதியைத் தனியே குறித்துக்கொண்டார். அதன் பிறகே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மவுத்துக்குப் பொறவு வானத்துலருந்து மலக்குக வந்து கேள்வி கேட்டாலும், 'சித்த இருங்க, நகல் எடுத்து வச்சிருக்கேன்'னுதான் நீ சொல்லுவே" என்றார் அவருடைய கணவர் ஜபருல்லா. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சனிக்கிழமைதோறும் பேருந்தேறி, மனைவி வேலை செய்யும் ஊருக்கு வந்துவிடுவார்.

"அவங்க கேக்கறதுக்கு முந்தியே எடுத்து நீட்டிருவேன். நீங்க டீயக் குடிங்க" என்றார் ரம்ஜான் பீவி. ஆனால் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத்தான் அவர் முதலில் திருப்பியிருந்தார்.

"தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை அறிந்திருந்தும், தாய் சென்று சேர்ந்த பகுதியின் செவிலியருக்கு இவர் தகவல் தெரிவிக்கவில்லை. கவனக்குறைவு."

அந்த ஒரு சொல்தான். பணி ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. மேல்முறையீட்டுக்கு இருபத்தாறு நாட்கள். அதற்குள் அந்தச் சொல்லை நீக்கவில்லையென்றால், அவருடைய பணிப்பதிவேட்டின் கடைசி வரியாக அதுவே நிலைத்துவிடும்.

பல்லடத்துக்குத் தெற்கே, வேலாங்காட்டுப்புதூர்த் துணை சுகாதார நிலையத்தில் அவர் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விசைத்தறி ஊர். எந்த வீட்டுக்குப் போனாலும் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில், இரத்த அழுத்தம் பார்க்கும்போது காதுக்குழாயில் நாடித்துடிப்பு கேட்காது. மற்ற செவிலியர்கள் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ரம்ஜான் பீவி வாசலில் நின்றபடி, "ரெண்டு நிமிசம் தறிய நிறுத்துங்க" என்பார். தறி ஒருமுறை நின்றால் நூல் அறும், நேரம் போகும். ஆரம்பத்தில் முனகினார்கள். பிறகு அவர் தெருவில் வருவதைப் பார்த்ததும் தாமாகவே நிறுத்தினார்கள். முழு ஊரும் இரண்டு நிமிடம் அமைதியானால், எந்த வீட்டிலோ ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று பொருள்.

தாளைச் சேர்த்து வைக்கும் பழக்கமும் இந்த வேலையில் வந்ததுதான். சேர்ந்த இரண்டாம் ஆண்டு, தடுப்பூசி மருந்து கெட்டுப்போனதற்கு அவர்மேல் பழி வந்தது. மின்வெட்டு நேரங்களை ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்தது அன்று அவரைக் காப்பாற்றியது. அதன்பின் எதையும் கழித்ததில்லை. விதிப்புத்தகங்களைத் தாமே வாங்கிப் படித்தார். குறிப்பாணைக்கு எப்படிப் பதில் எழுதுவது, எந்த உத்தரவுக்கு எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்பதை யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டார். நாள் முழுவதும் செய்த வேலையை அன்று மாலையே ஒரு நீள நோட்டில் எழுதிவிடுவார். அப்படிப் பத்தொன்பது நோட்டுகள் இருந்தன.

அவர் மிகவும் கவனமாக எழுதியது கட்டுச்சோற்று நாட்களைத்தான். இந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளை உண்டான பெண்ணுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பிறந்த வீட்டார் ஐந்துவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைப்பார்கள்; வளையல் போட்டு, அன்றே தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். எட்டாம் மாதத்தில் அனுப்ப மாட்டார்கள். வண்டி கிளம்பியதும் அந்தப் பெண் ஒரு செவிலியரின் பொறுப்பிலிருந்து இன்னொரு செவிலியரின் பொறுப்புக்குப் போய்விடுகிறாள். நடுவில் அவள் யாருடைய பதிவேட்டிலும் இல்லாத சில நாட்கள் உண்டு. அந்த இடைவெளியை ரம்ஜான் பீவி அறிவார். எனவே ஒவ்வொரு விருந்துக்கும் கைப்பையில் கருவியோடு போவார். அங்கேயே அழுத்தம் பார்த்து, அந்த ஊர்ச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து ஒப்படைப்பார். வழக்கத்தோடு அவர் மோதியதில்லை. ஒரு வீட்டில் மோதினால் அடுத்த பத்து வீடுகளின் கதவு சாத்திக்கொள்ளும்.

பிரத்யுஷாவின் கட்டுச்சோறு தை மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இருபத்திரண்டு வயது. கணவன் உதய் சொந்தத் தறி ஓட்டுபவன். எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு அழுத்தம் சற்று ஏறியிருந்தது. ரம்ஜான் பீவி அவளுடைய தாய் அட்டையில் சிவப்பு மையால் குறித்திருந்தார்.

"ஏனுங்க நர்சம்மா, சாப்புட வந்தீங்களா, சோதிக்க வந்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்டார் மாமியார் சின்னாத்தாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ரெண்டுக்குந்தானுங்க. மொதல்ல கைய நீட்டச் சொல்லுங்க, பொறவு எலையப் போடுங்க."

பிரத்யுஷாவின் வலக்கையில் முழங்கை வரைக்கும் வளையல் ஏறியிருந்தது. "இந்தக் கை காலியாத்தானுங்க இருக்குது, சீக்கிரம் பாருங்க. அத்தைக பாத்தா இதுலயும் அடுக்கிப்போடுவாங்க" என்று இடக்கையை நீட்டினாள். உள்ளறையில் வைத்துப் பார்த்தார். நூற்றைம்பதுக்கு நூறு. பட்டையைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். அதேதான்.

"என்னுங்க, பாசா?"

"பாசுதான் கண்ணு. நீ போய் உக்காரு."

எண்ணை அட்டையில் எழுதிவிட்டு, சின்னாத்தாளைப் புழக்கடைக்குக் கூப்பிட்டு, இன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றார். சின்னாத்தாளின் முகம் சுருங்கியது.

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு வேண்டாமுங்க அம்மணி. அவ காதுல உழுந்தா பயந்துக்குவா. சீரு வண்டி பொறந்த ஊட்டு வாசல்லதான் நிக்கோணும், எடையில எறங்கப்படாது. நாளைக்குக் காத்தால அவங்கம்மாகாரியே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டும். நானே சொல்லியுடறேன்."

ஒரே ஓர் இரவுதானே என்று ரம்ஜான் பீவி நினைத்தார். "சரிங்க. அங்கத்த நர்சுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்" என்றார்.

வண்டி கிளம்பியது. சிவப்பு மை போட்ட அட்டையை மஞ்சள், குங்குமத் தட்டோடு வைக்க மனம் வராமல், சின்னாத்தாள் அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். அது அன்று ரம்ஜான் பீவிக்குத் தெரியாது. மாலையில் நோட்டில் எழுதினார்: "11.40. மதிவதனிக்குத் தொலைபேசி. பிரத்யுஷா, 150/100. தெரிவிக்கப்பட்டது."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிரத்யுஷாவுக்கு வலிப்பு வந்தது. குழந்தையை அறுத்தெடுத்தார்கள். புதன்கிழமை அவள் இறந்துபோனாள்.

பிணவறை வாசலில் அவளுடைய தாய் பாவாத்தாள், ரம்ஜான் பீவியின் கைப்பையைப் பிடித்து இழுத்தார். "தொட்டுப் பாத்துட்டுத்தானே அனுப்புனீங்க! தொட்டுப் பாத்துட்டுத்தானே!" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ரம்ஜான் பீவியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

விசாரணையில் சொன்னார். அழைப்புப் பட்டியலை வைத்தார். மூன்று நிமிடம் பேசியதற்கு ஆதாரம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மதிவதனி, உடுமலைப்பேட்டைக்கு அருகில் பாவாத்தாளின் ஊரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர், தலைநிமிராமல் சொன்னாள்: "போன் வந்துச்சுங்க சார். இரும்புச்சத்து மாத்திரை மிச்சம் இருக்குதுங்களான்னு நான் கேட்டேன், இருக்குதுன்னாங்க. அவ்வளவுதானுங்க. இந்தப் பொண்ணு வர்ற சேதியே எனக்குத் தெரியாதுங்க."

மாத்திரை பற்றியும் பேசியது உண்மைதான். பீரோவிலிருந்து எடுத்து வந்த அட்டையைக் குழு மேசைமேல் வைத்தது. அதில் ரம்ஜான் பீவியின் கையெழுத்திலேயே 150/100 இருந்தது. அறிந்திருந்தார், தெரிவிக்கவில்லை. அவருடைய நோட்டு, அவரே எழுதியது என்பதால் சாட்சியாகாது என்றார்கள்.

இப்போது, முப்பத்தொரு பக்கங்களையும் மூன்று முறை படித்தபின், ஒன்பதாம் பக்கத்தில் அவர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். விசாரிக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. கணவன், மாமியார், ஆம்புலன்சு ஊழியர், மருத்துவர்கள், செவிலியர்கள். பாவாத்தாளின் பெயர் இல்லை. அந்தப் பெண் கடைசி இரண்டு நாட்கள் யாருடைய வீட்டில் இருந்தாளோ, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ அங்க போறியா?" என்றார் ஜபருல்லா.

"போகாம எப்படீங்க?"

"அடிச்சுப்போட்டாங்கன்னா?"

"அடிச்சா வாங்கிட்டு வாரேன்."

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாவாத்தாள் ஒரு கொப்பரைக் களத்தில் வேலை செய்தார். களத்தை ஒட்டிய இரண்டு அறை வீடு. வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி தொங்கியது. உள்ளே பிரத்யுஷாவின் எட்டு மாதக் குழந்தை. பாவாத்தாள் அவரைப் பார்த்ததும் எழவில்லை. போகச் சொல்லவும் இல்லை. மட்டையிலிருந்து நாரைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

ரம்ஜான் பீவி நின்றபடியே, தாம் வந்த காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். இப்படி ஒரு பழி வந்திருக்கிறது, நீங்கள் பார்த்ததைச் சொன்னால் எழுதிக்கொண்டு போவேன், சொல்லாவிட்டால் அதற்காக வருத்தப்பட மாட்டேன் என்றார். தூளிக்குள் குழந்தை சிணுங்கியது. பாவாத்தாள் எழுந்து, அதைத் தூக்கிக் கொண்டுவந்து, எதிர்பாராத விதமாக ரம்ஜான் பீவியின் மடியில் வைத்தார்.

"கொஞ்ச நேரம் புடிங்க. கைய கழுவிட்டு வாரேன். பொழுதுக்கும் ஒருத்தியே தூக்கி இடுப்பு போச்சுங்க."

குழந்தையின் எடையைக் கை தானாகவே மதிப்பிட்டது. ஏழு கிலோ இருக்கும். பிறக்கும்போது ஒன்றே முக்கால்தான்.

"தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுங்களா?"

"அதெல்லாம் உட மாட்டேனுங்க. உங்காளுகள நம்பி இல்ல. நானே போய் உக்காந்துக்குவேன்."

பிறகு பாவாத்தாள் சொல்லத் தொடங்கினார். ரம்ஜான் பீவி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொல்லச் சொல்ல எழுதினார். தம் சொல்லைக் கலக்காமல், வந்த சொல்லை வந்தபடி எழுதுவது அவருடைய வழக்கம். குழந்தை தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. முதல் தாள் முடியும் முன்னரே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம பொழுது சாயற நேரமுங்க. இங்கத்த நர்சம்மா ஸ்கூட்டில வந்தாங்க. நான் ஆளுட்டுக் கூப்புடலீங்க, அவங்களாத்தான் வந்தாங்க. 'பல்லடத்துலருந்து வந்த பொண்ணு இதுதானுங்களா'ன்னு கேட்டாங்க. காலை அமுக்கிப் பாத்தாங்க, குழி உழுந்துச்சு. தலைவலி இருக்குதா கண்ணுன்னாங்க. அவ இல்லீங்கன்னா."

மதிவதனி வந்திருக்கிறாள். அழைக்காமல் வந்திருக்கிறாள் என்றால், தொலைபேசியில் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். ரம்ஜான் பீவியின் பேனா வேகமாக ஓடியது. இரண்டாவது தாளை எடுத்தார்.

"பொறவுங்க?"

"பிரசர் பாக்கற மெசின காய்ச்சல் கேம்புக்குக் குடுத்துப்போட்டேன்னாங்க. நான் கேட்டேன், 'நாளைக்கு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு சம்பந்தியம்மா சொன்னாங்களே'ன்னு. வண்டிக்குக் கூடச் சொல்லி வச்சிருந்தேனுங்க. அதுக்கு அந்தம்மா, 'அவசரமில்லீங்க, பிரசர் கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் அக்கா சொன்னாங்க, புதங்கெழம நம்ம நெலையத்துலயே செக்கப் இருக்குது, அங்க பாத்துக்கலாம்'னாங்க. நானும் வண்டிய வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

பேனா நின்றது.

கொஞ்சம் ஜாஸ்தி. அந்தச் சொற்களை அவர் எங்கே நின்று சொன்னார் என்பது இப்போது முழுதாகத் தெரிந்தது. கூடத்துத் தூணருகே. கையெட்டும் தூரத்தில் பிரத்யுஷா, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடக்கைக்கும் வளையல் ஏறிக்கொண்டிருந்தது. சின்னாத்தாள் கண்ணாலேயே எச்சரித்தார். விருந்து நாளில், வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதுபடக் கெட்ட சொல் எதுவும் விழக்கூடாது. எண்ணைச் சொன்னால் பக்கத்திலிருப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள். எனவே ரம்ஜான் பீவி சிரித்த முகமாக, "நம்ம பொண்ணு ஒண்ணு வருது மதி, பிரசர் கொஞ்சம் ஜாஸ்தி, பாத்துக்க" என்றார். ஒரு செவிலிக்கு இன்னொரு செவிலி சொல்லும்போது அதுவே போதும் என்று நினைத்தார். மாலையில் நோட்டைத் திறந்தபோது, மனத்தில் இருந்த எண்ணை எழுதினார். வாய் சொன்னதை எழுதவில்லை. எட்டு மாதமாக அந்த வரியைத் தாமே படித்துப் படித்து, அப்படித்தான் சொன்னோம் என்று நம்பியும் விட்டார்.

மீதி வரியை எழுதி முடித்தார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார் பாவாத்தாள்.

படித்தார். அந்த இடத்தையும் விடவில்லை. முடித்துவிட்டு, தாளைக் கீழே வைத்தார்.

"இதுல 'அக்கா சொன்னாங்க'ன்னு இருக்குதுல்லீங்க. அது நாந்தானுங்க."

பாவாத்தாள் அவரையே பார்த்தார். "எவ்வளவுங்க இருந்துச்சு?"

"நூத்தம்பது. கீழ நூறு."

"அது நெம்ப ஜாஸ்திங்களா?"

"நெம்ப ஜாஸ்திங்க."

"அதயச் சொல்லியிருந்தா, அந்தம்மா ஞாயித்துக்கெழமையே கூட்டிட்டுப் போயிருப்பாங்களா?"

"போயிருப்பாங்க."

களத்தில் யாரோ கொப்பரையை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது. பாவாத்தாள் குனிந்து, ரம்ஜான் பீவியின் மடியிலிருந்த குழந்தையை எடுத்துக்கொண்டார். அதன் முகத்தைத் தம் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

இரண்டு தாள்களிலும் வாங்கினார். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து வாங்குவது அவர் எப்போதும் செய்வது.

செவிலியர் சங்கத்தில் மேல்முறையீடுகளைத் தட்டச்சு செய்து தருபவர் தனபால். இரண்டு தாள்களையும் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க அக்கா. ஆனா மொதத் தாள் மட்டும் போதுமுங்க. நர்சு வந்தாங்க, காலப் பாத்தாங்க, அதுலயே எல்லாம் வந்துருச்சு. கையெழுத்தும் இருக்குது. ரெண்டாவது தாள வச்சா உங்களுக்கே ஆப்புங்க."

ரம்ஜான் பீவி அன்று தாள்களை வாங்கிக்கொண்டு போனார். நான்கு நாட்கள் அவை இரண்டும் தனித்தனி உறையில் இருந்தன. முதல் தாளை மட்டும் நகலெடுத்து, இணைப்புகளின் வரிசையில் வைத்தும் பார்த்தார். அது பொய்யில்லை. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஐந்தாம் நாள் திரும்பி வந்தார்.

"ரெண்டையும் வைங்க தம்பி."

"எதுக்குங்க்கா? யாருக்குத் தெரியப்போகுது?"

"ரெண்டுல ஒண்ணு, ரெண்டுல ரெண்டுன்னு நானே நம்பர் போட்டிருக்கேன். இன்னொண்ணு எங்கன்னு எவளாச்சும் ஒருத்தி எண்ணிப் பாப்பா."

மேல்முறையீட்டு விசாரணை நாளில், அலுவலக நடையில் மதிவதனி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரம்ஜான் பீவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாவாத்தாக்கா ஊட்டுக்குப் போயிருந்தீங்களாமா?"

"போயிருந்தேன்."

"என்னக்கா எழுதிட்டு வந்தீங்க?"

"அவங்க சொன்னத."

மதிவதனி முந்தானையை விரலில் சுற்றினாள். "முழுசாவா?"

"முழுசா."

அவள் அழத் தொடங்கினாள். "பயந்துபோட்டேனுங்க்கா. நான் வந்தேன்னு ஒத்துக்கிட்டா, மெசின் எங்கேன்னு கேப்பாங்க. ஏன் ஆசுபத்திரிக்கு வேண்டாம்னு சொன்னேன்னு கேப்பாங்க."

"கேப்பாங்கதான்" என்றார் ரம்ஜான் பீவி. "எங்கிட்டயும் கேப்பாங்க."

கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். ஏன் எண்ணைச் சொல்லவில்லை என்று அதிகாரி மூன்றாம் முறையாகக் கேட்டபோது, "நல்ல நாளுங்க சார், பொண்ணு பக்கத்துல இருந்துச்சு" என்பதைத் தவிர அவரால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

உத்தரவு ஐந்தாவது வாரத்தில் வந்தது. சனிக்கிழமை என்பதால் ஜபருல்லா உடனிருந்தார். பிரித்துப் படிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "நீக்கிட்டாங்களா?" என்றார்.

"'தெரிவிக்கவில்லை'ங்கறத எடுத்துட்டாங்க. 'உரிய விவரத்தைத் தெரிவிக்கவில்லை'ன்னு போட்டிருக்காங்க. மதிவதனிக்கும் தனியா வந்திருக்குதாம்."

"அந்தக் 'கவனக்குறைவு'ங்கற சொல்லு?"

"இருக்குதுங்க."

ஜபருல்லா பெருமூச்சு விட்டார். "சரி. இதுக்கு மேல எங்க அப்பீலு போடோணும்? சொல்லு, நானும் கூட வாரேன்."

ரம்ஜான் பீவி, உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான படிவத்தை எடுத்து, பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டார். கடிதத்தின் வாசகத்தை இன்னொரு முறை, விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"வேண்டாமுங்க" என்றார். "இது சரியாத்தான் எழுதியிருக்காங்க."